பிந்திக் காய்த்த சொல்

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

போனில் கூப்பிட்டால் எடுக்கமாட்டீர்கள். எடுத்தாலும் மூன்றாவது வாக்கியத்துக்குள் நம் இருவருக்கும் குரல் உயர்ந்துவிடும். கடிதமென்றால் பாதியில் வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வந்து படிக்கலாம். அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் இறந்து இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆகின்றன. அவருடைய நாற்காலியில் இப்போது நான் உட்கார்ந்திருப்பதை யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். போர்த்துக்கீசிய அறிவியற்சொல் அகராதி, சொற்பிறப்புப் பிரிவு. நான்காவது மாடி, ஜன்னல் பக்கம். சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய் இன்னும் முனகிக்கொண்டுதான் இருக்கிறது. இரண்டாம் பதிப்பு மார்ச் இருபதாம் தேதி அச்சுக்குப் போகிறது.

என் பிரச்சினை ஒரே ஒரு பெயரடை. செரோத்தினு. பிந்திப் பூக்கிற, பிந்திக் காய்க்கிற என்று பொருள். விதைச் சோதனை நிலையத்தில் வேலை செய்யும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எல்லா அகராதிகளும் அதன் பிறப்பை ஒரே மாதிரிதான் சொல்கின்றன. லத்தீனில் ‘செரோ’ என்றால் தாமதமாக. அதிலிருந்து ‘செரோத்தினுஸ்’. அந்தச் சொல் போர்த்துக்கீசியத்துக்கு இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று குடியானவர்களின் வாய்வழி. தலைமுறை தலைமுறையாகப் பேசிப் பேசி, நடுவிலிருந்த ‘த்’ மெலிந்து, ‘ன்’ தேய்ந்து இல்லாமலேபோய், ‘செரோதியு’ ஆயிற்று. மற்றொன்று படித்தவர்கள் வழி. அவர்கள் லத்தீன் புத்தகத்திலிருந்து சொல்லை அப்படியே தூக்கி வந்து, வாலை மட்டும் மாற்றி, ‘செரோத்தினு’ என்று அறிவியலுக்கு வைத்துக்கொண்டார்கள்.

இந்தச் சொல்லுக்கு அண்ணன் எழுதிவைத்த குறிப்பு அட்டை இந்தக் கதையைத் தலைகீழாக்குகிறது. பச்சை மையில் எழுதியிருக்கிறார்: அறிவியலார் கையாள்வதற்கு வெகுகாலம் முன்பே, நாற்றங்கால் வைத்திருந்த ஒரு தோட்டக்காரி, விதை வாங்குகிறவர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சொல் இருக்கிறது. அவள் வரியையும் தந்திருக்கிறார்: “செரோத்தினு மரங்கள் என்னிடம் நிறைய உண்டு, பிந்திக் காய்த்ததற்காக எந்த மரத்திடமும் நான் விளக்கம் கேட்டதில்லை.” கீழே ஆவணக் காப்பகத்தின் கட்டு எண்.

படித்தவர்கள் கொண்டுவந்ததாக எல்லோரும் சொல்லும் சொல்லை மண்ணில் கைவைத்த ஒருத்தி முதலில் எழுதியிருக்கிறாள்! அண்ணனின் வாழ்நாள் கண்டுபிடிப்பு இதுதான் என்று நினைக்கிறேன். அவளைப் பற்றி இருபது பக்கம் எழுதியிருக்கிறேன். அண்ணனின் நினைவாக அகராதிக்கு முன்னுரையாக வரப்போகிறது. படி ஒன்று இணைத்திருக்கிறேன். ஜனவரியில் ஒரு கருத்தரங்கிலும் இதைப் பேசினேன். நாற்பது பேர் இருந்தார்கள். கைதட்டினார்கள்.

ஆனால் காப்பகத்தில் அப்படி ஒரு கட்டே இல்லை என்று பதில் வந்திருக்கிறது. எண்ணை எழுதும்போது அண்ணன் ஒரு இலக்கத்தை மாற்றிப்போட்டிருக்க வேண்டும். புதிய தலைமை ஆசிரியர் தினமும் என் மேசைப் பக்கம் வந்து நிற்கிறார். “மூலம் எங்கம்மா? மூலத்தக் கண்ணுல காட்டுங்க. இல்லன்னா அட்டையத் தூக்கிருவேன்.”

அண்ணனின் குறிப்பேடுகள் உங்களிடம் ஒரு பெட்டியில் இருக்கின்றன. சரியான எண் அதில் இருக்கும். பெட்டியை அனுப்ப வேண்டாம். அந்த ஒரு பக்கத்தைப் பார்த்துச் சொன்னால் போதும்.

உங்கள் நாத்தனார்

*

பிப்ரவரி 17

நாத்தனாருக்கு,

கடிதமும் கட்டுரையும் வந்தன. பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. திறக்கவில்லை. திறக்கப்போவதும் இல்லை.

அந்தச் சொல்லுக்கு எல்லா அகராதிகளும் சொல்லும் கதையே போதும். லத்தீன், தாமதம், இரண்டு வழி. தோட்டக்காரியை விட்டுவிடு. கட்டுரையையும் நிறுத்திவிடு. காரணம் கேட்காதே.

உனக்கு உபயோகப்படும் என்றால் ஒன்று சொல்கிறேன். இங்கே சில ஊசியிலை மரங்களின் கூம்புக்காய்கள் முற்றிய பிறகும் திறப்பதில்லை. பிசின் பூட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் கிளையிலேயே இருக்கும். காட்டில் தீ வந்தால்தான் திறக்கும். அதற்கும் இதே பெயரடைதான். நேற்று பன்னிரண்டு கூம்புகளைச் சோதனை அடுப்பில் வைத்தேன். பதினொன்று திறந்தன. ஒன்று திறக்கவில்லை. அதைக் குற்றம் சொல்ல முடியாது. சூடு போதவில்லை, அவ்வளவுதான்.

குறிப்பேடுகள் என்று எழுதியிருக்கிறாய். அவர் இறந்த எட்டாம் நாள் நீ வந்ததை நான் மறக்கவில்லை. ஆபீஸிலிருந்து இரண்டு ஆட்கள், ஆறு அட்டைப்பெட்டிகள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர்கள் அலமாரியை இறக்கினார்கள். நீ மேசையிலிருந்த பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாய்: “அண்ணி, இதுவும் ஆபீஸ் பேனாவா?”

கட்டிலுக்கு அடியில் இருப்பது உங்கள் கண்ணில் படாமல் தப்பித்தது. அது இங்கேயே இருக்கட்டும்.

அண்ணி

*

பிப்ரவரி 26

அண்ணிக்கு,

காரணம் கேட்காதே என்று சொல்வதற்கு நான் உங்கள் நிலையத்தில் வேலை செய்யவில்லை.

எட்டாம் நாள் ஏன் வந்தேன் என்று நீங்களும் இதுவரை கேட்கவில்லை. சொல்கிறேன். ஏழாம் நாள் பழைய தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். அண்ணனின் அறையை வேறு பிரிவுக்குக் கேட்கிறார்கள், வீட்டில் இருக்கும் அட்டைகள் மறுநாளே வந்து சேராவிட்டால் அவர் பிரிவையே மூடிவிட்டு முதல் பதிப்பையே மறுபடி அடிப்போம் என்றார். பதினோராயிரம் அட்டைகள், அண்ணி. இருபது வருஷ வேலை. துக்கம் நடக்கும் வீட்டுக்குள் அட்டைப்பெட்டியோடு நுழைவது எனக்குப் பெருமையாகவா இருந்தது? பேனாவைப் பற்றிக் கேட்டது, அதை நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. ஆபீஸ் பேனா என்றால் ஆட்கள் எடுத்துப்போய்விடுவார்கள். இல்லை என்று நீங்கள் சொல்லியிருந்தால் போதும். நீங்கள் வாயே திறக்கவில்லை.

இப்போதும் அதையே செய்கிறீர்கள். பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருக்கிறீர்கள். அண்ணனின் பெயர் நிலைக்கக்கூடிய ஒரே இடம் இந்த அட்டைதான். அதை ஏன் தடுக்கிறீர்கள் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். தன் வேலையை அவர் என்னோடு பகிர்ந்துகொண்டார், உங்களோடு இல்லை. அந்தப் பொறாமையாக இருக்குமோ என்று தோன்றுகிறது. நீங்கள் அவரோடு வாழ்ந்தது ஏழு வருஷம். நான் நாற்பத்து நாலு வருஷம் அவருக்குத் தங்கை.

கட்டுரை அச்சுக்குப் போகும். அண்ணன் கையால் எழுதியதை விட எனக்கு வேறு மூலம் வேண்டாம்.

*

மார்ச் 1

அண்ணி,

ஏழு வருஷம் என்று எழுதியதை அழித்துவிட்டுப் படியுங்கள். தபாலில் போட்ட பிறகு பெட்டியிலிருந்து எடுக்க முடியுமா என்று அஞ்சலகத்தில் கேட்டேன். “எழுதுறதுக்கு முன்னாடி யோசிக்கணும்மா” என்றார் அங்கிருந்தவர்.

*

மார்ச் 7

நாத்தனாருக்கு,

அழித்துவிட்டுப் படிக்க முடியவில்லை. அழுத்தி எழுதியிருக்கிறாய்.

இப்போது நான் எழுதப்போவதை எழுதமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இருந்தாலும் எழுதுகிறேன். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்.

உங்கள் அகராதியின் முதல் பதிப்பை வேறொரு பதிப்பகம் அப்படியே அள்ளிப்போட்டுத் தன் பெயரில் வெளியிட்டது. உனக்குத் தெரியும். “லத்தீன் ஒண்ணுதான், அதோட வேரும் ஒண்ணுதான், நாங்களாத்தான் கண்டுபிடிச்சோம்” என்று அவர்கள் சொன்னபோது உங்களால் எதையும் நிரூபிக்க முடியவில்லை. அதனால் இரண்டாம் பதிப்பில் ஒரு பொறி வைக்க முடிவு செய்தார்கள். ஏதாவது ஒரு சொல்லில், எங்குமே இல்லாத ஒரு தகவலை உண்மை போலச் சேர்த்துவிடுவது. வேறு அகராதியில் அது வந்தால், எங்கிருந்து போனது என்று தெரிந்துவிடும். அகராதிக்காரர்கள் செய்கிற வேலைதான் என்று உன் அண்ணன் சொன்னார். பொறி எது என்று வைத்தவருக்கும் ஒரு சாட்சிக்கும் மட்டுமே தெரியலாம். இரண்டு பேரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, உறையில் அரக்கு வைத்துத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்துவிட வேண்டும். அவரும் பிரித்துப் பார்க்கக் கூடாது.

உன் அண்ணன் ஆபீஸில் யாரையும் சாட்சிக்கு எடுக்கவில்லை. “அங்க டீ வந்தா ரகசியம் எல்லாம் வெளிய வந்துரும்” என்றார். என்னை எடுத்தார்.

பொறி செரோத்தினு. காப்பகக் கட்டு கிடையாது. தோட்டக்காரி கிடையாது.

அந்த வரி மட்டும் பொய் இல்லை. அது நான் எழுதியது.

பத்து வருஷத்துக்கு முன்பு எங்கள் நிலையத்துக்கு ஒரு கடிதம் வந்தது. செரோத்தினு என்ற சொல்லை நீங்கள் நடைமுறையில் எதற்கெல்லாம் பயன்படுத்துகிறீர்கள் என்று ஒரு அகராதிக்காரர் கேட்டிருந்தார். நான் பதில் போட்டேன். இந்தப் பெயரை வைத்திருக்கும் வவ்வால் ஒன்று உண்டு, அதையும் குறித்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். நன்றி சொல்லி எழுதினார். நன்றிக்குப் பதில் எழுதினேன். பதினோராவது கடிதத்தில் கல்யாணம் பற்றிக் கேட்டார். அதில் முக்கால் பக்கம் மன்னிப்பு. நாற்பத்தேழு வயதில் இப்படிக் கேட்பதற்கு, இத்தனை வருஷம் கேட்காமல் இருந்ததற்கு, எனக்கு நாற்பத்தொன்று என்று தெரிந்தும் கேட்பதற்கு. எனக்கு எரிச்சலாக இருந்தது. கையில் கிடைத்த முளைப்புச் சோதனைப் படிவத்தின் பின்பக்கத்தில் அந்த வரியை எழுதி அனுப்பினேன். எங்களுக்குள் அதுதான் சம்மதம்.

பொறிக்கு ஒரு மேற்கோள் வேண்டும் என்று வந்தபோது அவர் அதை எடுத்துக்கொண்டார். “நல்லா இருக்கு, யாரும் சந்தேகப்பட மாட்டாங்க” என்றார். “யாருகிட்டயாவது மாட்டிக்கப்போறீங்க” என்றேன். திருடனை நினைத்துத்தான் இரண்டு பேரும் பேசினோம். வீட்டுப் பெண்ணே அதில் வந்து கால்வைப்பாள் என்று நினைக்கவில்லை. மூலத்தைக் கண்ணால் பார்க்காமல் என் தங்கை எதையும் நம்பமாட்டாள் என்று அவர் எப்போதும் சொல்வார். தன் கையெழுத்தைப் பார்த்தால் உனக்கு வேறு எதுவும் வேண்டியிராது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

பிப்ரவரியிலேயே சொல்லியிருக்கலாம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது ஒரு காரணம். இன்னொரு காரணம் உன் கட்டுரை.

மூன்று தடவை படித்தேன். ஒரே ஒரு வரியை வைத்து அந்தத் தோட்டக்காரி எப்படிப்பட்டவள் என்று இருபது பக்கம் எழுதியிருக்கிறாய். அவள் கோபக்காரி, ஆனால் கோபத்தை வேலையில் காட்டமாட்டாள் என்கிறாய். யாரும் கேட்காத வரை தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள் என்கிறாய். அவளைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அந்த விதை வாங்குகிறவர் ஒருவர்தான் என்கிறாய். ஏழு வருஷம் என் வீட்டுக்கு வந்து போன நீ என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை. அது நான்தான் என்று உனக்குத் தெரிந்த நிமிஷத்திலிருந்து அந்த இருபது பக்கம் இருக்காது என்று நினைத்தேன். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று பேசாமல் இருந்தேன். அது தவறு.

ஒரு திருத்தம். அவள் இளம்பெண்ணாக இருக்க வேண்டும் என்று ஆறாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். அந்த வரியை எழுதியபோது எனக்கு முட்டிவலி.

அட்டைப்பெட்டிக்கான காரணத்தைப் படித்தேன். எனக்குத் தெரியாது. நான் கேட்டிருக்க வேண்டும்.

அண்ணி

*

மார்ச் 16

அன்புள்ள அண்ணிக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன்.

ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். அட்டை பொய் என்பது எனக்கு இரண்டாவதாகத்தான் வலித்தது. என்னிடம் சொல்லாமல் உங்களிடம் சொன்னார் என்பதுதான் முதலில். அன்று முழுவதும் அவருடைய மற்ற அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது உண்மையா, இது உண்மையா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் எடுத்தவை எல்லாம் உண்மை. பதினோராயிரத்தில் ஒன்றே ஒன்றுதான் பொய், அதையா நான் மேடையில் ஏற்றி வைத்தேன்? மற்றவை எல்லாம் வெறுமனே சரியாக இருந்ததால் என் கண்ணில் படவில்லை போலும்.

பிறகு தலைமை ஆசிரியரிடம் போனேன். உறை பழைய அலமாரியின் அடித்தட்டில், காலாவதியான பூச்சி மருந்து டப்பாவுக்கு அடியில் இருந்தது. அரக்கை உடைத்தார். இரண்டு கையெழுத்துகளையும் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“சரி, விடுங்கம்மா. கட்டுரை பிரமாதமா வந்திருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும். அட்டையும் இருக்கட்டும். யாரு போய் அந்தக் கட்டைத் தேடப்போறாங்க?”

“நான் தேடினேன் சார்.”

“நீங்க தேடினீங்க. உங்கள மாதிரி இன்னொரு ஆளு பொறந்து வரணுமே!”

“ஒரு அட்டையில பொய் இருந்தா அது பொறி சார். இருபது பக்கம் எழுதி, கீழ என் பேரையும் போட்டா, அதுக்குப் பேர் வேற.”

“அண்ணன் பேரு நெலைக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?”

ஆமாம், நான்தான் சொன்னேன். அவருக்கு ஒரு கண்டுபிடிப்பு இருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை இருந்திருக்கிறது. இருபது வருஷம் ஒருவர் ஒழுங்காக வேலை செய்தார் என்பது எனக்குப் போதவில்லை. அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை, எல்லாவற்றையும் சரிபார்த்தார். இதைச் சொல்வதற்கு ஒரு தங்கைக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்க வேண்டாம்.

கட்டுரையை எடுத்துவிட்டேன். பக்கம் அமைக்கிற பெண்ணுக்குத்தான் கோபம். “அக்கா, கடைசி நேரத்துல இருபது பக்கத்த உருவுனா பின்னாடி வர்ற பக்க எண்ணெல்லாம் ஆடிப்போகும். என் தாலிய அறுக்காதீங்க” என்று கத்தினாள். பிறகு, “அந்தத் தோட்டக்காரிய நீங்க விட்டுக்குடுப்பீங்கன்னு நினைக்கல. ரெண்டு பக்கம் கூட எழுதியிருந்தா அவளுக்குக் கல்யாணமே பண்ணி வச்சிருப்பீங்க” என்றாள். நடந்துவிட்டது என்று அவளிடம் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

கருத்தரங்குக்கு வந்திருந்த நாற்பது பேருக்கும் எழுதிவிட்டேன். நான் சொன்ன மூலம் கிடையாது, பிழை என்னுடையது, அண்ணனுடையது அல்ல, செரோத்தினு லத்தீனிலிருந்து படித்தவர்கள் எடுத்துக்கொண்ட சொல்தான், எல்லா அகராதிகளும் சரி. ஏழு பேர் பதில் போட்டார்கள். ஆறு பேர் பண்பாக. ஏழாமவர், அன்று முன்வரிசையில் உட்கார்ந்து பலமாகக் கைதட்டியவர், “அன்னைக்கே எனக்கு ஒரு சந்தேகம்” என்று எழுதியிருக்கிறார். அவர் சந்தேகத்தோடு கைதட்டியதை நான் கவனிக்கவில்லை.

அட்டையைப் புதிதாக எழுதினேன். நாலு வரி. லத்தீன், தாமதம், வாய்வழி ஒன்று, புத்தகவழி ஒன்று. வவ்வாலையும் சேர்த்தேன். பச்சை மை கொண்ட அட்டை உங்களுடையது. இதோடு வைத்திருக்கிறேன்.

பொறி வெளியே தெரிந்துவிட்டதால் இனி அது பொறி இல்லை. அச்சை ஏப்ரல் முப்பதுக்குத் தள்ளியிருக்கிறார்கள். புதிய பொறி நான்தான் வைக்க வேண்டுமாம். சாட்சி யார் என்று தலைமை ஆசிரியர் கேட்டார். வீட்டு ஆள் ஒருவர் இருக்கிறார் என்றேன். “வாயத் தெறக்க மாட்டாங்களா?” என்றார். “தெறக்க மாட்டாங்க சார். நானே ரெண்டு வருஷம் கஷ்டப்பட்டிருக்கேன்.”

நான் தயாரித்த பொறியைத் தனி உறையில் வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்து, சம்மதமென்றால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். சம்மதமில்லை என்றாலும் எனக்குப் புரியும். அந்தத் தோட்டக்காரியைப் பற்றி எழுதிய எதையும் நான் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை, முட்டியைத் தவிர.

உங்கள் நாத்தனார்

*

மார்ச் 25

அரைப்புள்ளிக்கு,

உன் அண்ணன் உன்னை இப்படித்தான் கூப்பிடுவார். எந்தச் சண்டையையும் நீ முடித்து வைக்கமாட்டாய் என்பதால். உன் முன்னால் நான் கூப்பிட்டதில்லை. இனிமேல் கூப்பிடுவேன்.

பச்சை மை அட்டை வந்தது. அதை எங்கே வைத்திருக்கிறேன் என்று கேட்காதே.

புதிய பொறியைப் படித்தேன். கையெழுத்துப் போடவில்லை. கோபித்துக்கொள்ளாமல் கேள்.

இதை எவனும் திருடமாட்டான். ஒரு பொய்க்குள் “பெரும்பாலும்” என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். “எனக் கருத இடமுண்டு” என்று ஒரு இடத்தில். இல்லாத புத்தகத்துக்கு இல்லாத பக்க எண் கொடுத்துவிட்டு, அதற்குக் கீழே “பக்க எண் சரிபார்க்கப்பட வேண்டும்” என்று நீயே குறிப்பு எழுதியிருக்கிறாய். மேற்கோள் என்று நீ இட்டுக்கட்டிய வாக்கியத்தில் ஒரு மனுஷன் பேசவே இல்லை, அகராதிதான் பேசுகிறது. என் நிலையத்தில் கூம்பு பொறுக்க வரும் பெண்ணிடம் வாசித்துக் காட்டினேன். விஷயத்தைச் சொல்லவில்லை, வரியை மட்டும். “யாரோ பயந்துக்கிட்டே எழுதுன மாதிரி இருக்கு” என்றாள்.

உனக்குப் பொய் வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை. உன் தலைமை ஆசிரியர் சும்மா விடச் சொன்னபோது நீ விடவில்லை, அதே கைதான் இதையும் எழுதியிருக்கிறது. உன் அண்ணனுக்கும் தனியாக வரவில்லை. சாப்பாட்டு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, அவர் ஒன்று சொல்ல, நான் நம்பமாட்டேன் என்க, அவர் மாற்றிச் சொல்ல, இப்படி ஒன்பது நாள் ஆயிற்று. ஒன்பதாம் நாள்தான் நான் நம்பினேன்.

தபாலில் இது நடக்காது. நீ இங்கே வந்துவிடு. முதல் பேருந்து எங்கள் வாசலிலேயே நிற்கும். வந்ததும் கட்டிலுக்கு அடியில் இருப்பதை நீயே இழு, என் முட்டி குனிய விடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, சேர்ந்து பார்ப்போம்.

விடுப்பு இரண்டு நாள் என்று எழுதிக் கொடுத்துவிடாதே. இரண்டு வாரம் கேள். காரணம் என்ன என்று உன் தலைமை ஆசிரியர் கேட்டால், அண்ணிக்கு உடம்பு சரியில்லை என்று சொல். அவர் முகத்தைப் பார்த்து, “பெரும்பாலும்” போடாமல் சொல். அதிலிருந்தே பழக ஆரம்பி.

அண்ணி